இரண்டு செய்திகள் வந்த தீவு

கடற்கரைக்கு மனிதர்கள் எதற்காகப் போகிறார்கள்? பெரியவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள். குழந்தைகள் மணலில் வீடு கட்டப் போகிறார்கள். வாலிபர்கள் அலையில் நின்று விளையாடவும், வயோதிகர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் போகிறார்கள். சரித்திரம் கற்றுக்கொள்வதற்காகக் கடற்கரைக்குப் போகிறவர்களை நாம் கண்டதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கே ஒரு தீவு நகரம் இருக்கிறது. அங்கே காற்று வாங்கப் போகிறவனும் தன்னை அறியாமல் சரித்திரத்தின் தலைமேல் நடக்கிறான். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அந்நகரத்தின் பழைய தரை, ஜனங்கள் இன்று நடக்கும் தரைக்குப் பல அடி கீழே புதைந்து கிடக்கிறது. அது ஏன் புதைந்தது, யார் புதைத்தார்கள் என்ற கதையை அறிந்துகொண்டு அந்தக் கடற்கரையில் உலாவினால், காற்றோடு கூட வேறு சிலவற்றையும் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

நகரத்தின் பெயர் கால்வெஸ்டன். டெக்ஸாஸ் ராஜ்யத்தில், மெக்ஸிகோ வளைகுடாவின் ஓரத்தில், சுமார் 27 மைல் நீளமுள்ள ஒரு மணல் தீவின் கிழக்குப் பாகத்தில் அமைந்திருக்கிறது. தீவின் அகலமோ மிகவும் அகன்ற இடத்தில் மூன்று மைலுக்கு மேல் இல்லை. வரைபடத்தில் பார்த்தால், பெருநிலத்தின் வாசலில் யாரோ குறுக்கே கிடத்திய ஒரு கோலைப்போல் காட்சி அளிக்கும். தெற்கே திறந்த கடல். வடக்கே அமைதியான உள்வளைகுடா. இந்த இரண்டு நீர்களுக்கும் நடுவே சுமார் ஐம்பத்து மூவாயிரம் பேர் வசிக்கிறார்கள்.

தீவும் அதன் கடலும்

ஹூஸ்டன் மாநகரிலிருந்து தென்கிழக்கே ஐம்பது மைல் பிரயாணம் செய்தால் கால்வெஸ்டன். தமிழர்களுக்கு இந்தப் பிரதேசம் அந்நியமானது அல்ல. ஹூஸ்டனை அடுத்த பியர்லாந்து என்னும் ஊரில் கோபுரத்தோடு கூடிய மீனாட்சி கோயில் இருக்கிறது. அம்மனைத் தரிசித்துவிட்டு அன்று மாலையே கடலையும் பார்த்துவிடலாம். உள்வளைகுடாவின் மேல் கட்டிய நெடும் பாலத்தில் வண்டி ஏறியதும் இரு பக்கமும் ஜலம் விரிகிறது. பாலம் முடிந்ததும் முதலில் நம்மை வரவேற்பவை அரளிச் செடிகள்!

ஆம், நம்முடைய அரளிதான். கோயில் நந்தவனங்களில் நாம் பார்த்துப் பழகிய அதே செடி, வெள்ளையும் சிவப்பும் ரோஜா நிறமுமாக வீதிகள் தோறும் பூத்துக் குலுங்குகிறது. 1841-ல் ஜமெய்க்காவிலிருந்து ஒரு வியாபாரி கொண்டுவந்த செடிகளிலிருந்து இவை பெருகியதாகச் சொல்கிறார்கள். 'அரளி நகரம்' என்பதே இவ்வூருக்குப் பட்டப் பெயர். ஆனால் இத்தனை அரளி இங்கே வளர்ந்ததற்கு அழகு மாத்திரம் காரணம் அன்று. அதைப் பிறகு சொல்வோம்.

கடல் நீர் நீலமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் சிறிது ஏமாற்றம் அடைவார்கள். பெரிய நதிகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலால் இந்தக் கடல் பெரும்பாலும் பழுப்பு நிறமாக இருக்கும். ஆனால் மணல் கால்களுக்கு மெத்தென்று இருக்கிறது. வெகு தூரம்வரை ஆழம் அதிகம் இல்லை. ஆகவே குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் இதை மிகவும் விரும்புகின்றன. நகரத்தை ஒட்டிய ஸ்டூவர்ட் கடற்கரையில் கோடை நாட்களில் குடைகள் காளான் முளைத்தாற்போல் முளைத்திருக்கும். சந்தடி வேண்டாதவர்கள் தீவின் மேற்கே உள்ள ராஜ்யப் பூங்காவுக்குப் போகலாம். அங்கே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சதுப்பு நிலம். நடுவே கொக்கும் நாரையும் தவம் செய்து கொண்டிருக்கும்.

கடற்கரைக் காவலர்களின் மேடைகளில் கொடிகள் பறக்கின்றன. பச்சைக் கொடி என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. சிவப்பு என்றால் அபாயம். ஊதாக் கொடி என்றால் நீரில் சொறிமீன் முதலிய கொட்டும் பிராணிகள் இருக்கின்றன என்று அர்த்தம். இந்தக் கடற்கரையில் லிராய் கொலம்போ என்று ஒரு காவலர் இருந்தார். ஏழாவது வயதில் ஜுரத்தினால் செவிப்புலனை இழந்தவர். அலையில் அகப்பட்டவர்களின் கூக்குரல் அவர் காதில் விழாது. ஆகையால் அவர் கண்ணை இமைக்காமல் கடலைப் பார்த்துக் கொண்டே இருப்பாராம். 1974-ல் காலமான அவர் தம் வாழ்நாளில் 907 உயிர்களைக் காப்பாற்றினார் என்பது கணக்கு. கால்வெஸ்டனின் மற்றக் கதைகளைக் கேட்கும்போது காது கேளாத இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீவின் கிழக்குக் கோடியிலிருந்து பொலிவார் முனைக்குக் கப்பல் விடுகிறார்கள். வண்டியோடு ஏறிக்கொள்ளலாம், கட்டணம் ஒரு காசு கிடையாது. இருபது நிமிஷப் பிரயாணத்தில் கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறக்கும். கடற்காக்கைகள் சிரிப்பது போன்ற குரலில் கத்திக்கொண்டு கப்பலைத் துரத்தும். அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின்களும் துள்ளும். தூரத்தில் பாதி மூழ்கிய கப்பல் ஒன்று தெரியும். அது இரும்பினால் ஆனதன்று, கான்கிரீட்டினால் ஆனது! முதல் மகாயுத்த காலத்தில் எஃகு பஞ்சமாய்ப் போனபோது இப்படிச் சில கப்பல்களைக் கட்டிப் பார்த்தார்கள். 'செல்மா' என்னும் இந்தக் கப்பலை 1922-ல் இங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். அன்று முதல் அது நகரவில்லை.

பருத்தி கட்டிய நகரம்

ஐரோப்பியர் வருமுன் இந்தத் தீவில் கரங்கவா என்னும் ஆதிவாசிகள் மீன் பிடித்து வாழ்ந்தார்கள். 1528-ல் கப்பல் உடைந்து இத்தீவிலோ இதற்கு அருகிலோ கரை ஒதுங்கிய கபேஸா த வாகா என்ற ஸ்பானியர், பல ஆண்டுகள் இப்பிரதேசத்து மக்களோடு அலைந்து திரிந்து, பின்னர் அந்த அநுபவத்தை எழுதி வைத்தார். ஸ்பானிய அதிகாரியான கால்வெஸ் என்பவரின் பெயரே தீவுக்கு வந்தது. 1817 முதல் சில ஆண்டுகள் லஃபீத் என்ற கடற்கொள்ளைக்காரன் இங்கே கொலு வீற்றிருந்தான். அவன் திருட்டுத்தனமாக விற்ற சரக்குகளில் மனிதர்களும் அடங்குவர்.

1839-ல் சட்டபூர்வமான நகரமாகிய கால்வெஸ்டன், வெகு விரைவில் பருத்தித் துறைமுகமாகச் செழித்தது. துறைமுகத்தை அடுத்த 'ஸ்டிராண்ட்' என்னும் வீதியில் பாங்கிகளும் பண்டகசாலைகளும் எழுந்தன. நியூயார்க்கின் பணக்கார வீதியோடு ஒப்பிட்டு, 'தென்மேற்கின் வால் வீதி' என்று இதைக் கொண்டாடினார்கள். வார்ப்பிரும்புத் தூண்களும் உயர்ந்த ஜன்னல்களும் கொண்ட அந்தக் கட்டடங்கள் பலவற்றை இன்றும் பார்க்கலாம். பருத்தி மூட்டைகள் இருந்த இடத்தில் இப்போது மிட்டாய்க் கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் இருக்கின்றன. 1894-ல் கட்டிய நாடகக் கொட்டகையில் இன்றும் கச்சேரிகள் நடக்கின்றன. நிக்கலஸ் கிளேட்டன் என்ற சிற்பி ஒரு கனவானுக்காக 1892-ல் கட்டி முடித்த கல் மாளிகை, பின்னால் பாதிரியாரின் இல்லமாகி, 'பிஷப் அரண்மனை' என்ற பெயரோடு கண்காட்சிச் சாலையாக விளங்குகிறது.

இத்தனை செல்வத்துக்கும் மூலதனம் பருத்தி. பருத்திக்கு மூலதனம் அடிமைகளின் உழைப்பு. இதை மறந்துவிட்டு மாளிகைகளின் அழகை ரஸிப்பது சுலபம். ஆனால் நியாயம் ஆகாது.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையைக் காப்பாற்ற விரும்பிய தென் ராஜ்யங்கள் தனியே பிரிந்தன. வட ராஜ்யங்களின் கடற்படை தென்னாட்டுத் துறைமுகங்களை முற்றுகை இட்டது; கால்வெஸ்டனும் அவற்றில் ஒன்று. அமெரிக்கப் பருத்தி வராமற்போகவே லங்காஷயர் ஆலைகள் இந்தியாவின் பக்கம் திரும்பின. பம்பாய் வியாபாரிகள் பணத்தில் புரண்டார்கள். நம் திருநெல்வேலிக் கரிசல் காட்டுப் பருத்திக்கும் விலை ஏறிற்று. யுத்தம் முடிந்ததும் விலையும் இறங்கிற்று. கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் நின்றால் கோவில்பட்டிச் சம்சாரியின் வீட்டில் விளக்கு எரியும் என்று அந்நாளில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்!

முதற் செய்தி

1863-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி. கலகம் செய்த ராஜ்யங்களில் உள்ள அடிமைகள் யாவரும் அன்று முதல் சுதந்திரர் என்று ஜனாதிபதி லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வந்தது. அதே தினத்தில் கால்வெஸ்டனில் என்ன நடந்தது தெரியுமா? சில மாதங்களாக வடநாட்டார் வசம் இருந்த நகரத்தைத் தென்னாட்டார் அன்று விடியற்காலையில் தாக்கி மீட்டுக்கொண்டார்கள். ஆற்றுப் படகுகளின் பக்கங்களில் பருத்தி மூட்டைகளைக் கவசமாக அடுக்கிக்கொண்டு அவர்கள் யுத்தம் செய்தார்கள். அடிமைகள் பறித்த பருத்தியே அடிமை முறைக்குக் கேடயமாயிற்று!

அப்புறம் இரண்டரை வருஷ காலம் டெக்ஸாஸில் பிரகடனம் காகிதத்தில் இருந்தது. செய்தி வந்து சேரவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. எஜமானர்கள் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். அதை நிறைவேற்றி வைக்கும் சக்தி மாத்திரம் வந்து சேரவில்லை. மற்ற ராஜ்யங்களிலிருந்த எஜமானர்கள்கூடத் தங்கள் அடிமைகளை வடநாட்டுப் படைக்கு எட்டாத தூரத்தில் வைப்பதற்காக டெக்ஸாஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். யுத்தம் முடியும் தறுவாயில் அங்கே சுமார் இரண்டரை லட்சம் அடிமைகள் இருந்தார்கள்.

1865 ஜூன் மாதம் 19-ந் தேதி, கார்டன் கிரேஞ்சர் என்ற தளபதி கால்வெஸ்டனில் தம்முடைய மூன்றாவது உத்தரவை வெளியிட்டார். அடிமைகள் யாவரும் விடுதலை பெற்றார்கள் என்பதும், முன்னாள் எஜமானருக்கும் முன்னாள் அடிமைக்கும் உரிமைகளிலும் சொத்துரிமையிலும் பூரண சமத்துவம் உண்டு என்பதும், இனி அவர்கள் இருவருக்கும் உள்ள உறவு முதலாளிக்கும் கூலி பெறும் தொழிலாளிக்கும் உள்ள உறவே என்பதும் அதன் சாராம்சம். ஆனால் அதே உத்தரவு, விடுதலை பெற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யவேண்டும் என்றும், சோம்பி இருப்பவர்களுக்கு ஆதரவு கிடைக்காது என்றும் புத்திமதி கூறியது. தலைமுறை தலைமுறையாகக் கூலி இல்லாமல் உழைத்தவர்களைப் பார்த்து, 'சோம்பி இராதே' என்று சொல்லும் தைரியம் அதிகாரத்துக்குத்தான் வரும்.

ஆயினும் கேட்டவர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். மறு ஆண்டு முதல் அந்தத் தேதியைத் திருவிழாவாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். 1980 முதல் அது டெக்ஸாஸ் ராஜ்யத்தின் விடுமுறை நாள்; 2021-ல் அமெரிக்கா முழுவதற்கும் விடுமுறை நாளாயிற்று. ஸ்டிராண்டும் 22-வது வீதியும் சந்திக்கும் இடத்தில், தளபதியின் காரியாலயம் இருந்த ஸ்தலத்தை ஒட்டி, ஐயாயிரம் சதுர அடியில் ஒரு சுவர்ச் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். 'பூரண சமத்துவம்' என்பது அதன் பெயர்.

சித்திரத்தைப் பார்த்த பிறகு, கடற்கரைக்குப் போய் 28-வது, 29-வது வீதிகளுக்கு எதிரே சற்று நிற்க வேண்டும். விடுதலைச் செய்தி வந்து பல தலைமுறை ஆன பிறகும், இத்தனை மைல் நீளக் கடற்கரையில் கறுப்பின மக்கள் நீராடுவதற்கு என்று ஒதுக்கியிருந்தது அந்த ஒரு துண்டு இடந்தான். நிறபேதம் சட்டமாக இருந்த காலம் அது. உலகத்தின் முதற் கறுப்பின மகாமல்லராக 1908-ல் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற ஜாக் ஜான்ஸன் இந்த ஊரில் பிறந்தவர். அவருக்குச் சொந்த ஊரில் ஒரு பூங்காவும் சிலையும் ஏற்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. செய்தியை வாசிப்பது ஒரு நாள் வேலை. அதை நிறைவேற்றுவது எத்தனை கால வேலை!

இரண்டாம் செய்தி

இனி, கால்வெஸ்டனுக்கு வந்த மற்றொரு செய்தியைப் பார்ப்போம்.

1900-ஆம் ஆண்டில் நகரத்தில் முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தார்கள். நகரத்தின் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்பது அடிகூட இல்லை. அதே கரையில் இருந்த இண்டியனோலா என்ற துறைமுகத்தை 1875-லும் 1886-லும் புயல்கள் அழித்துவிட்டன. இரண்டாம் முறை அழிந்த அந்த ஊர் பிறகு எழவில்லை. அதைக் கண்டு கால்வெஸ்டனிலும் கடற்சுவர் கட்டவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்தது, சுவர் எழவில்லை. உள்ளூர் வானிலை அதிகாரியான ஐஸக் கிளைன், இந்நகரத்துக்குப் புயலால் பெரும் தீங்கு விளையும் என்று நினைப்பது வீண் பிரமை என்று 1891-ல் பத்திரிகையில் எழுதியிருந்தார்.

1900 செப்டம்பர் முதல் வாரத்தில் கியூபாத் தீவைத் தாண்டி ஒரு புயல் வந்தது. ஹவானா நகரத்தில் பெலன் கலாசாலை என்ற ஜெஸூட் பாதிரிமாரின் ஸ்தாபனத்தில் புயல் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடந்து வந்தது. வினியேஸ் என்ற பாதிரியார் தம் ஆயுள் முழுவதையும் அதில் செலவிட்டு, மேகங்களின் போக்கைக் கொண்டு புயலின் போக்கைக் கணிக்கும் வித்தையை வளர்த்திருந்தார். அவருடைய வழி வந்தவர்கள், இந்தப் புயல் மெக்ஸிகோ வளைகுடாவுக்குள் புகுந்து டெக்ஸாஸ் பக்கம் செல்லும் என்று கருதினார்கள். ஆனால் அப்பொழுது கியூபா அமெரிக்கப் படையின் ஆதிக்கத்தில் இருந்தது. சுதேசிகளின் புயல் எச்சரிக்கைகள் வெறும் பீதியைக் கிளப்புபவை என்று எண்ணிய வாஷிங்டன் வானிலை இலாகா, அவை சர்க்கார் தந்தியில் போகாதபடி தடுத்து வைத்திருந்தது. புயல் வடக்கே திரும்பி, பிளோரிடா வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போய்விடும் என்பது வாஷிங்டனின் தீர்ப்பு. புயலுக்கு வாஷிங்டனின் தீர்ப்பைப் பற்றித் தெரியாது. அது தன் வழியே கால்வெஸ்டனை நோக்கி நடந்தது.

ஆளப்படுகிறவனுக்கு அறிவு கிடையாது என்று நினைப்பது ஆளுகிறவர்களின் பழைய வியாதி. அந்த வியாதிக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் ஆளப்படுகிறவர்களே. இந்த ஒரு தடவை, ஆளுகிறவர்களின் சொந்த நகரமே இரையாயிற்று.

செப்டம்பர் 8-ந் தேதி சனிக்கிழமை. காலையில் வீதிகளில் ஜலம் ஏறியது. குழந்தைகள் அதில் குதித்து விளையாடினார்கள். பெரியவர்கள் அலைகளின் உயரத்தை வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்குப் போனார்கள். மத்தியான்னம் பெருநிலத்துக்குப் போகும் பாலங்கள் அறுபட்டன. மாலையில் பதினைந்து அடிக்கு மேல் பொங்கிய கடல், தீவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரையில் மூடிக்கொண்டது. கடலோர வீடுகள் இடிந்து, அவற்றின் மரங்களே அடுத்த வரிசை வீடுகளை இடிக்கும் சம்மட்டிகளாயின. சுமார் 3,600 வீடுகள் அழிந்தன.

நகரத்துக்கு மேற்கே கடலோரமாகக் கன்னிமார் நடத்தி வந்த அநாதை ஆசிரமம் ஒன்று இருந்தது. பத்துக் கன்னிமார், குழந்தைகளைத் துணி உலர்த்தும் கயிற்றினால் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். கட்டடம் விழுந்தது. கன்னிமார் பதின்மரும் குழந்தைகள் தொண்ணூறு பேரும் மாண்டார்கள். மூன்று பையன்கள் மாத்திரம் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். அபாயமில்லை என்று எழுதிய கிளைன் அந்த இரவில் தம் மனைவியைப் பறிகொடுத்தார்.

நகரத்தில் மாண்டவர்கள் ஆறாயிரம் பேர் என்பது பொதுவான கணிப்பு. சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் எண்ணாயிரத்துக்கும் அதிகம். அமெரிக்க சரித்திரத்தில் இயற்கையின் சீற்றத்தால் இத்தனை பேர் வேறெப்போதும் ஒரே சமயத்தில் மாண்டதில்லை. பிரேதங்களைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். கடல் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. பிறகு, புதைப்பதையே வழக்கமாகக் கொண்ட அந்த ஜனங்கள், இடிந்த வீடுகளின் மரங்களை அடுக்கிச் சிதைகள் மூட்டினார்கள். வாரக் கணக்காகப் புகை அடங்கவில்லை. இந்தப் பயங்கர வேலைக்குக் கறுப்பின மனிதர்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நகரத்தைத் தூக்கியவர்கள்

இண்டியனோலாவைப் போல் கால்வெஸ்டனையும் கைவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று இஞ்சினீயர்களை அழைத்து யோசனை கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி ராபர்ட். சபைகளில் யார் எப்பொழுது எழுந்து பேசலாம், தீர்மானத்தை எப்படிப் பிரேரேபிப்பது, எப்படித் திருத்துவது என்பதற்கெல்லாம் அமெரிக்காவில் பிரமாணமாக விளங்கும் நூலை எழுதியவர் அவரே. மனிதர்களின் வாய்வெள்ளத்துக்கு அணை போட்டவரையே கடல் வெள்ளத்துக்கும் அணை போடச் சொன்னார்கள்!

அவர்கள் கூறிய யோசனை இரண்டு. ஒன்று, பதினேழு அடி உயரத்தில் ஒரு கடற்சுவர். மற்றொன்று, சுவருக்குப் பின்னால் உள்ள நகரம் முழுவதையும் மேலே தூக்குவது!

சுவர் வேலை 1902 அக்டோபரில் தொடங்கி, 1904 ஜூலைக்குள் மூன்று மைலுக்கு மேல் முடிந்தது. அடியில் 16 அடி, உச்சியில் 5 அடி கனம். கடலை நோக்கிய முகம் உட்குழிவாக வளைந்திருக்கிறது. வந்து மோதும் அலை அந்த வளைவில் ஏறி, வந்த வழியே திரும்பி விழும். பின்னால் படிப்படியாக நீட்டி, பத்து மைலுக்கு மேல் ஆக்கினார்கள். கால்வெஸ்டன் ஜில்லா வாசிகள் பெருவாரியாக வாக்களித்து, பதினைந்து லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு இசைந்து எழுப்பிய சுவர் இது.

நகரத்தைத் தூக்கிய கதையோ நம்புவதற்கே கடினமானது. 1903 முதல் ஏழெட்டு வருஷ காலம் இந்த வேலை நடந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களின் அடியில் திருகு ஜாக்கிகளை வைத்தார்கள். சமிக்ஞை கொடுத்ததும் ஆட்கள் எல்லோரும் ஏககாலத்தில் சிறிது திருகுவார்கள். வீடு மயிரிழை உயரும். மறுபடியும் சமிக்ஞை, மறுபடியும் திருகு. மூவாயிரம் டன் கனமுள்ள ஸெயிண்ட் பாட்ரிக் மாதா கோயிலை எழுநூறு ஜாக்கிகளின்மேல் ஐந்து அடி உயர்த்தினார்கள். நகரத்தின் நடுவே கால்வாய் வெட்டி, தூர்வாரும் கப்பல்களை ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து, கடலடி மணலை நீரோடு கலந்து குழாய் வழியாக வீடுகளின் அடியில் பாய்ச்சினார்கள். நீர் வடிந்தது, மணல் தங்கிற்று. சுவரோரம் மிக உயர்ந்தும், உள்வளைகுடாப் பக்கம் தாழ்ந்தும் நகரம் சரிவாக அமைந்தது. அத்தனை வருஷமும் ஜனங்கள் பலகைப் பாலங்களின்மேல் நடந்து கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். தத்தம் வீட்டைத் தூக்கும் செலவை அவரவரே ஏற்றுக்கொண்டார்கள்.

கடல் மணல் மூடியதும் ஊரில் ஒரு புல் பூண்டு மிஞ்சவில்லை. அப்பொழுது ஸ்திரீகள் முன்வந்தார்கள். 1901-ல் அவர்கள் அமைத்த சங்கம் வீதி வீதியாக மரம் நட்டது. உப்பு மண்ணுக்கு அஞ்சாத செடி எது என்று பார்த்து, அரளியை ஊரெங்கும் வைத்தார்கள். பாலம் இறங்கியதும் நம்மை வரவேற்ற அரளியின் ரகசியம் இதுதான்.

இவ்வளவு புகழுக்கும் நடுவே ஒரு குறையும் உண்டு. புயலுக்குப் பின் நகரத்தை நடத்த ஏற்பட்ட புதிய 'கமிஷன்' ஆட்சி முறை திறமை மிக்கது என்று பெயர் பெற்று, வேறு பல நகரங்களுக்கும் பரவியது. ஆனால் அந்த ஆட்சி முறையில், கறுப்பின மக்களுக்கு நகர சபையில் இருந்த குரல் அடங்கிவிட்டது. தரையை எல்லோருக்கும் உயர்த்தியவர்கள், எல்லோரையும் சமமாக உயர்த்தவில்லை.

பார்க்க வேண்டியவை

1915-ல் ஏறக்குறைய அதே வலிமையுள்ள புயல் வந்தது. சுவர் நின்றது. தீவில் மாண்டோர் சுமார் ஐம்பது பேர். அவர்களிலும் பெரும்பாலோர் சுவரின் பாதுகாப்புக்கு வெளியே இருந்தவர்கள். ஆறாயிரத்தையும் ஐம்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அந்தச் சுவரின் விலை விளங்கும்.

இன்று கால்வெஸ்டனுக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரின்மேலேயே உலாவுகிறார்கள். சைக்கிள் விடுகிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். கடலுக்குள் நீண்ட மேடையின்மேல் ராட்டினங்கள் சுழல்கின்றன. அவற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி ஊருக்குள் நடந்தால் வேறு காட்சிகள் தென்படும். 1859-ல் கட்டிய ஆஷ்டன் மாளிகையின் இரும்பு வேலியைப் பாருங்கள். குழந்தைகள் தாண்டும் அளவுக்குக் குட்டையாக இருக்கும். குட்டையான வேலி அன்று. மீதி வேலி மண்ணுக்குள் இருக்கிறது. பிராட்வே மயானத்தில் ஒரு தலைமுறையின் கல்லறைகளுக்கு மேல் மற்றொரு தலைமுறையின் கல்லறைகள் இருக்கின்றன. பல பழைய வீடுகளின் முகப்பில், 1900-ஆம் ஆண்டுப் புயலில் பிழைத்த வீடு என்று சிறு தகடு பதித்திருக்கிறார்கள். துறைமுகத்தில், 1877-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய 'எலிஸா' என்னும் பாய்மரக் கப்பல் நிற்கிறது. அது கிரீஸ் தேசத்தில் உடைத்து விற்கப்படும் தறுவாயில் இருந்தது. கால்வெஸ்டன் வாசிகள் மீட்டுக் கொண்டுவந்து, பழுது பார்த்து, மறுபடியும் கடலில் ஓடவைத்தார்கள்.

ஊரெங்கும் மரத்தில் செதுக்கிய சிற்பங்களையும் காணலாம். அவற்றுக்கும் கதை உண்டு. 2008 செப்டம்பரில் 'ஐக்' என்ற புயல் வந்தபோது கடல் முன்வாசலில் சுவரைக் கண்டு, உள்வளைகுடாவின் வழியாகக் கொல்லைப்புறத்தில் புகுந்தது. உப்பு நீர் தேங்கியதால் ஊரின் பழைய ஓக் மரங்கள் ஆயிரக் கணக்கில் பட்டுப்போயின. வெட்டி எறிய மனம் வராமல், அடிமரங்களைச் சிற்பிகளிடம் கொடுத்து மீனாகவும் கொக்காகவும் தேவதையாகவும் செதுக்கச் செய்தார்கள். கொல்லைப்புறத்தையும் அடைப்பதற்காக, வளைகுடாவின் வாயில் பெருங்கதவுகள் அமைக்கும் திட்டம் ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸ் 2022-ல் அங்கீகரித்தது. அங்கீகாரம் கிடைப்பதற்கும் கதவு நிற்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது கால்வெஸ்டனுக்குத் தெரிந்த விஷயம்.

மாலை வேளையில் 48-வது வீதிக்கு எதிரே சுவரின்மேல் நில்லுங்கள். அங்கே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஓர் ஆண், ஒரு பெண், அவள் மார்பில் ஒரு குழந்தை. ஆணின் ஒரு கை அவர்களை அணைத்திருக்கிறது. மற்றொரு கை ஆகாயத்தை நோக்கி நீண்டிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் கடல், ஒன்றும் அறியாததுபோல் சலசலத்துக் கொண்டிருக்கும்.

இந்தத் தீவுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று விடுதலைச் செய்தி. அதை அறிந்தவர்கள் நிறைவேற்றவில்லை. மற்றொன்று அபாயச் செய்தி; அதை அறிந்தவர்களைப் பேச விடவில்லை. இரண்டுக்கும் ஜனங்கள் உயிரால் விலை கொடுத்தார்கள். பிறகு அதே ஜனங்கள், தங்கள் ஊரைத் தங்கள் தோள்மேல் தூக்கி நிறுத்தவும் செய்தார்கள்.

சிலையை விட்டுக் கீழே இறங்கினால் மணலில் காவலர் மேடை. அதன்மேல் ஒரு கொடி பறக்கும். கடலில் கால் வைக்குமுன் அதன் நிறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.